சாவியைக் கேட்பதற்கு முன்

ஸ்ரீரங்கம் கோயிலின் சாவிகள் அப்போது பெரிய கோயில் நம்பியிடம் இருந்தன. கருவறைப் பொறுப்பு, புராணம் வாசிக்கும் உரிமை, புரோகிதம், நிர்வாகம் எல்லாமே அவர் கையில். காஞ்சியிலிருந்து வந்து ஆளவந்தாரின் இடத்தை ஏற்ற ராமானுஜர், கோயில் நடைமுறைகளைச் சீர்செய்ய நினைத்தார். நம்பி இசையவில்லை. அவரை விலக்கிவிடலாம் என்றுதான் ராமானுஜர் முதலில் எண்ணியதாகக் கோயிலொழுகு என்ற நூல் சொல்கிறது. ஆனால் பெருமாள் கனவில் வந்து, நம்பி தமக்கு நெடுநாள் வேண்டியவர் என்று சொல்லிவிட்டாராம். விலக்கும் எண்ணத்தை ராமானுஜர் கைவிட்டார்.

அதன்பின் அவர் கூரத்தாழ்வானை நம்பியோடு பழகவிட்டார். கூரத்தில் இருந்த பெருஞ்செல்வத்தைத் துறந்துவிட்டு வந்தவர் ஆழ்வான். ஆழ்ந்த படிப்பும் அதைக் காட்டிக்கொள்ளாத அடக்கமும் உடையவர். நம்பிக்கு அவர்மேல் மதிப்பு வளர்ந்தது. நம்பியின் தாயார் காலமானபோது, பதினோராம் நாள் ஏகாகச் சடங்கில் உண்ணத் தகுந்த ஒருவரை அனுப்பும்படி நம்பியே ராமானுஜரிடம் கேட்கும் அளவுக்கு உறவு கனிந்திருந்தது. ஆழ்வான் போனார். உண்டு முடித்தவரிடம் திருப்தியா என்று கேட்க வேண்டும். திருப்தி என்று அவர் சொன்னால்தான் சடங்கு நிறைவேறும். அந்த இடத்தில் ஆழ்வான் கோயில் பொறுப்புகளைக் கேட்டார். நம்பி கொடுத்தார். சாவி கை மாறியது.

துக்க வீட்டில் அப்படிக் கேட்டது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. சடங்கின் நெருக்கடியைப் பயன்படுத்திக்கொண்டார்களே என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. ஆனால் சாவி கை மாறியதற்குப் பின் நடந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நம்பி கோயிலை விட்டுப் போகவில்லை, போகும்படி விடவும் இல்லை. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் ஒரு பகுதியான இயற்பாவைச் சேவிக்கும் உரிமை அரையர்களிடம் இருந்தது; அதை வாங்கி, ராமானுஜர் அவருக்குக் கொடுத்தார் என்கிறது மரபு. நிர்வாகத்தை இழந்தவருக்குப் பெருமாள் முன்னால் குரல் கிடைத்தது. அவர்தான் திருவரங்கத்தமுதனார். 108 பாசுரங்களால் இராமானுச நூற்றந்தாதி பாடியவர் அவரே. சாவியைக் கொடுத்தவர், அதை வாங்கிக்கொண்டவரைப் பாடினார். அந்தப் பாட்டு நாலாயிரத்தோடு சேர்த்து இன்றும் ஓதப்படுகிறது. புராணம் வாசிக்கும் உரிமை ஆழ்வானின் வழியில் நின்றது. கைசிக ஏகாதசியன்று ஆழ்வானின் மகன் பராசர பட்டரின் வழிவந்தவர்கள் கைசிக புராணம் வாசிப்பதை இப்போதும் ஸ்ரீரங்கத்தில் கேட்கலாம்.

இதெல்லாம் கல்வெட்டுச் செய்தி என்று சொல்ல மாட்டேன். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் ஸ்ரீரங்கத்துக்கே ஒதுக்கப்படும் அளவு கல்வெட்டுகள் அங்கு உண்டு; அவை பேசும் விஷயங்கள் வேறு. கோயிலொழுகு பல நூற்றாண்டுகளில் பல கைகள் எழுதிச் சேர்த்த கோயில் வரலாறு. வி.என்.ஹரிராவ் 1961இல் அதை ஆங்கிலத்தில் வரலாற்றுக் குறிப்புகளுடன் வெளியிட்டார். பக்தியும் நினைவும் உரிமைக் கோரிக்கையும் கலந்த நூல் அது. ஆனாலும், ஒரு பெரிய நிறுவனத்தை மாற்றி அமைத்ததைப் பற்றி அதில் வேலைசெய்தவர்களே எழுதிவைத்துக் காத்துவந்த ஆவணம் வேறு எங்கு இவ்வளவு விரிவாகக் கிடைக்கும்? எதைச் சொல்லத் தக்கதாக அவர்கள் நினைத்தார்கள் என்பதே நமக்குப் பாடம்.

இதை இப்போது எழுதக் காரணம், திருச்சியில் தில்லைநகர் குறுக்குத் தெருக்களிலும் சாலை ரோட்டிலும் கன்டோன்மென்டிலும் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் இருக்கும் ஆடிட்டர் அலுவலகங்கள். வழக்கறிஞர் அலுவலகங்களுக்கும் கட்டட வடிவமைப்பாளர் அலுவலகங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் மாற்றம் இன்று கழுத்தை நெரிப்பது ஆடிட்டர்களைத்தான்.

கடந்த சில ஆண்டுகளில் வந்ததை மட்டும் எண்ணிப் பாருங்கள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. 2019 முதல் ஆடிட்டர் கையெழுத்திடும் சான்றிதழ்களுக்கும் தணிக்கை அறிக்கைகளுக்கும் யுடின் என்ற தனி அடையாள எண் கட்டாயமானது. 2020இல் வருமான வரி மதிப்பீடு முகமறியா முறைக்குப் போனது. வில்லியம்ஸ் சாலை அலுவலகத்தில் அதிகாரியின் எதிரில் உட்கார்ந்து கணக்கை விளக்கியவர்கள், யாரென்றே தெரியாத ஒருவருக்குப் போர்ட்டலில் பதில் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள். 2023 ஏப்ரல் முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் பதிவாக வேண்டும் என்றானது. அதே ஆண்டு ஜூலையில், ஆடிட்டர் ஆவதற்கு மூன்றாண்டாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி இரண்டாண்டாகச் சுருங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 536 பிரிவுகள், எல்லாவற்றுக்கும் புது எண்கள்.

பிரிவு எண் மாறுவது வெளியில் இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவரின் மரியாதை அந்த எண்களில்தான் இருந்தது. 44ஏபி என்றால் வரித் தணிக்கை, 80சி என்றால் சேமிப்புக் கழிவு, 148 என்றால் பழைய கணக்கைத் திறக்கும் நோட்டீஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆர்ட்டிகிள் பையன்கள் புத்தகத்தைப் புரட்டாமல் அவர் மேசைக்குத்தான் போவார்கள். 80சி புதிய சட்டத்தில் 123. 44ஏபி இப்போது 63. இந்த ஒன்றில், நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணும் முப்பது வருட அனுபவசாலியும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் உட்கார வைக்கப்படுகிறார்கள். அந்த வகுப்பு நமக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால் அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிடக் கூடாது.

இந்த மனிதரைத் திருச்சி ஆடிட்டர் அலுவலகம் எதிலும் பார்க்கலாம். பெரும்பாலும் சி.ஏ. முடிக்காதவர். நேஷனல் கல்லூரியிலோ ஜமால் முகமதுவிலோ செயின்ட் ஜோசப்பிலோ பி.காம். படித்துவிட்டுப் பெரிய ஆடிட்டரிடம் வந்து சேர்ந்தவர். பெரிய கடைவீதியில் எந்தக் கடைக்காரர் கடைசி வாரத்தில்தான் பில்களைப் பையில் அள்ளிக்கொண்டு வருவார், துவாக்குடியில் எந்தத் தொழிற்கூடத்துக்கு பெல் நிறுவனத்தின் பணம் வரும்வரை சம்பளம் போட முடியாது, எந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாததால் ஒரே வியாபாரத்துக்கு இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கிளையண்டுகளின் போர்ட்டல் பாஸ்வேர்டுகள் அவர் மேசை டிராயரில் ஒரு நீண்ட நோட்டில் இருக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களும் அங்கேதான். ஆடிட்டர் இல்லாமல் அலுவலகம் ஒரு வாரம் நடக்கும். இவர் இல்லாமல் இரண்டு நாள் நடக்காது.

அந்த டிராயர்தான் இன்றைய கோயில் சாவி. மாற்றம் கொண்டுவர நினைக்கும் எல்லோரும் நேராக அதில்தான் கை வைக்கிறார்கள்.

வழக்கமாக எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். ஆடிட்டரின் மகனோ மகளோ சென்னையில் பெரிய பன்னாட்டு நிறுவனத்தில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். அங்கே பார்த்த ஒழுங்கு மனதில் இருக்கிறது, அது தவறில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் கூட்டி, இனி எல்லாம் கிளவுடில், எல்லாருக்கும் டைம்ஷீட், பாஸ்வேர்டெல்லாம் இந்த மென்பொருளில் என்று அறிவிக்கிறார். டிராயருக்குச் சொந்தக்காரரான பெரியவர் தலையாட்டுகிறார். நோட்டையும் கொடுத்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மென்பொருளில் இருப்பது பாதி. மீதி மறுபடியும் ஒரு புது நோட்டில். கிளையண்டுகள் இன்னும் பெரியவரின் கைபேசிக்குத்தான் கூப்பிடுகிறார்கள். மென்பொருளுக்குக் கட்டிய ஆண்டுச் சந்தா மட்டும் தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது. வாங்கியது நோட்டை மட்டும். அதற்குப் பதிலாகப் பெரியவர் எங்கே உட்காருவார், நாளை முதல் யார் என்ன கேட்டு அவரிடம் வருவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. ராமானுஜர் முதலில் நினைத்ததும் இந்த வழிதான். அவர் அதிலிருந்து திரும்பினார்.

மேலாண்மை வகுப்புகளில் இதற்கு வேறு பாடம் சொல்வார்கள். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் காட்டர் 1995இல் எழுதிய கட்டுரை இன்றும் எல்லா வகுப்பிலும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைப் பார்த்து, மாற்றத்துக்கு எட்டுப் படிகள் சொன்னவர் அவர். முதல் படி, எல்லோர் மனத்திலும் அவசர உணர்வை உண்டாக்குவது. பெருங்கம்பெனிகளில் அது வேண்டியிருக்கலாம். ஆடிட்டர் அலுவலகத்தில் அவசரத்துக்குப் பஞ்சமே இல்லை. மாதம் 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதி 3பி, ஜூலை 31, செப்டம்பர் 30 என்று வருடம் முழுக்கக் கெடு நாள்கள். அவசரமே அங்கு பழைய வழியைக் காப்பாற்றுகிறது. இந்த செப்டம்பர் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றே பத்து செப்டம்பர்கள் போயிருக்கின்றன. இங்கே முதலில் தேவை நிதானமாக உட்கார்ந்து பேச ஒரு காலம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி முடிந்து தை பிறந்தபின், வங்கித் தணிக்கைகள் தொடங்குவதற்கு முன், கொஞ்சம் மூச்சு விடலாம். மாற்றத்தைப் பற்றிய பேச்சை அப்போது வையுங்கள். செப்டம்பரில் எந்தப் புது மென்பொருளும் வாங்காதீர்கள்.

காட்டரைவிட ராமானுஜரிடம் எனக்கு அதிகம் பிடித்தது சாவிக்குப் பிந்தைய வேலை. கோயிலில் முன்பு ஐந்து கொத்தாக, அதாவது ஐந்து பிரிவாக, இருந்த பணியாளர்களை அவர் பத்துக் கொத்தாக வகுத்தார். திருப்பதியார், திருப்பணி செய்வார், பாகவத நம்பியார், உள்ளூரார், விண்ணப்பம் செய்வார், திருக்கரகக்கையார், ஸ்தானத்தார், பட்டாள், ஆரியபட்டாள், தாச நம்பிகள் என்று கோயிலொழுகு அடுக்குகிறது. பாசுரத்தை இசையும் அபிநயமுமாகச் சேவிப்பவர் விண்ணப்பம் செய்வார். திருமஞ்சனத்துக்கு நீர் சுமப்பவர் திருக்கரகக்கையார். வாசல் காப்பவர் ஆரியபட்டாள். அவர்கள் பெயரில் ஒரு வாசலே இன்றும் இருக்கிறது. பூமாலை தாச நம்பிகளின் பொறுப்பு. பிராமணர் அல்லாத பணியாளர்களுக்கும் தனியே கொத்துகள் வகுக்கப்பட்டன. யார், எந்த நேரத்தில், எதை, யாரிடமிருந்து வாங்கி, யாரிடம் கொடுப்பது. அதற்கு என்ன மரியாதை, என்ன பிரசாதம் என்பதுவரை எழுதப்பட்டது.

தண்ணீர் சுமப்பவருக்கும் பட்டியலில் பெயர் இருந்தது என்பதை நம் அலுவலகங்கள் கவனிக்க வேண்டும். நம் அலுவலகத்தில் பலருக்குத் தங்கள் வேலையின் பெயரே தெரியாது. ஆர்ட்டிகிள் என்றால் வங்கிக்குப் போவார், கொரியர் எடுப்பார், வவுச்சருக்கு டிக் அடிப்பார், சீனியர் ஊரில் இல்லாவிட்டால் தணிக்கை அறிக்கையையே வரைந்து வைப்பார். எது அவர் பொறுப்பு என்று கேட்டால் எல்லாம்தான் என்று பதில் வரும். எல்லாமும் ஒருவர் பொறுப்பு என்றால், பிழை வந்த அன்று யாருமே பொறுப்பில்லை. நோட்டீஸ் வந்தால் யார் திறந்து பார்ப்பது, எத்தனை நாளில் கிளையண்டுக்குச் சொல்வது, பதிலை யார் வரைவது, யார் படித்துப் பார்ப்பது, யார் பதிவேற்றுவது என்ற ஐந்து கேள்விக்கும் ஐந்து பெயர் எழுதப்பட்டால் அலுவலகத்தில் பாதி மாற்றம் முடிந்துவிட்டது. அதற்குக் கணினி கூட வேண்டாம். முகமறியா மதிப்பீட்டில் போர்ட்டலில் வந்த நோட்டீஸை யாருமே திறந்து பார்க்காமல் கெடு தாண்டி, உத்தரவு பாதகமாக வந்தபின் கிளையண்ட் மேல்முறையீட்டுக்கு அலைவது எவ்வளவு பெரிய கொடுமை என்பது அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும். இந்தத் தொழிலில் ஒழுங்கின்மையின் விலையைக் கடைசியில் கொடுப்பவர் கடைக்காரர்.

ஸ்ரீரங்கத்தில் எல்லாம் சுமுகமாக நடந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ராமானுஜரின் பிட்சையில் நஞ்சு வைக்கப்பட்டதாகக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. பிட்சை இட வந்த பெண் கண்ணீரோடு காலில் விழுந்ததில் அவர் புரிந்துகொண்டாராம். அவருடைய குரு திருக்கோட்டியூர் நம்பி கேள்விப்பட்டு ஓடி வந்து, அதன்பின் அவருக்குச் சமைக்கும் பொறுப்பைச் சீடர் கிடாம்பி ஆச்சானிடம் ஒப்படைத்தார். மாற்றத்தைத் தலைமை தாங்கி நடத்துபவர் எவ்வளவு பெரியவரானாலும் அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று அன்று தோன்றியிருக்கிறது. நம் ஊரில் தந்தையின் அலுவலகத்தை எடுத்து நடத்தும் இளம் ஆடிட்டர்களுக்கு அப்படி ஒருவர் கிடையாது. வீட்டில் அப்பாவின் முகச்சுளிப்பு, அலுவலகத்தில் பெரியவரின் மௌனம், வெளியில் கிளையண்டின் ஃபீஸ் பாக்கி. ஆடிட்டர் சங்கக் கூட்டங்களில் சட்டத் திருத்தங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அலுவலகத்தை எப்படி நடத்துகிறீர்கள், யாரோடு மோதல், எங்கே முடியவில்லை என்று ஒருவருக்கொருவர் மனம் விட்டுக் கேட்டுக்கொள்ள மாதத்தில் ஒரு மாலை ஒதுக்கினால் என்ன?

வெளியிலிருந்து வருபவரைப் பழையவர்கள் ஏற்பதும் அங்கே பிரச்சினையாகவே இருந்தது. உறையூரில் மல்லராக இருந்த பிள்ளை உறங்காவில்லி தாசர் ராமானுஜரிடம் வந்து சேர்ந்தார். காவிரியில் நீராடிவிட்டுத் திரும்பும்போது ராமானுஜர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். முன்பே சேர்ந்த சீடர்களுக்கு அது பொறுக்கவில்லை. ராமானுஜர் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. ஒரு நாள் இரவு, காய்ந்துகொண்டிருந்த அவர்களுடைய துணிகளில் கொஞ்சம் கிழித்து வைக்கச் சொன்னார். காலையில் ஒருவரோடொருவர் அடித்துக்கொண்டார்கள். பிறகு தூங்கிக்கொண்டிருந்த தாசரின் மனைவி பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றி வரும்படி அவர்களையே அனுப்பினார். ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றியதும், மறு பக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொன்னாச்சி புரண்டு படுத்தாள். விழித்துவிட்டாள் என்று பயந்து அவர்கள் ஓடினார்கள். அசையாமல் கிடந்திருந்தால் முழுவதும் எடுத்துப் போயிருப்பார்களே என்று தாசர் மனைவியைக் கடிந்துகொண்டாராம். பார்த்துத் தெரிந்துகொண்டபின் அந்தச் சீடர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் ஏன் மதிக்கப்படுகிறார் என்பதைப் பழையவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கும்படி வேலையைக் கொடுக்க வேண்டும். கேபினும் பதவியும் முதல் நாளே கொடுத்தால் அது நடக்காது.

ஆனால் இதே ராமானுஜர் இரண்டு இடங்களில் தோற்றார். திருவனந்தபுரத்தில் பாஞ்சராத்திர வழிபாட்டு முறையைக் கொண்டுவர முயன்றபோது நம்பூதிரிகள் எதிர்த்தார்கள். பெருமாளே இரவோடிரவாக அவரைத் திருக்குறுங்குடியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார் என்கிறது கதை. பூரி ஜகந்நாதர் கோயிலிலும் அப்படியே. விழித்துப் பார்த்தால் ஸ்ரீகூர்மத்தில் இருந்தாராம். இந்தத் தோல்விகளை மறைக்காமல் அடியார்களே எழுதிவைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் அவர் தங்கினார், பழகினார், காத்திருந்தார். அந்த ஊர்களுக்கு அவர் யாத்திரையாகப் போனவர். அங்கே ஒரு கூரத்தாழ்வான் நடுவில் இல்லை.

இன்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து, இரண்டு நாள் தங்கி, மாற்றத் திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் ஆலோசகர்களை நினைக்கிறேன். நூற்றுக்கு எழுபது மாற்ற முயற்சிகள் தோற்கின்றன என்று முதல் படத்திலேயே போட்டுப் பயமுறுத்துவார்கள். அந்த எண்ணுக்கு உறுதியான ஆதாரம் ஏதும் இல்லை என்று மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர் 2011லேயே எழுதிவிட்டார். பயத்தில் எடுத்த முடிவுகளுக்கு ஆயுள் குறைவு. ஓர் அலுவலகத்தில் வெற்றி பெற்ற முறையை இன்னோர் அலுவலகத்தில் அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருவனந்தபுரம் சாட்சி.

அமைப்பு நின்றதா என்பதைத் தலைவர் இல்லாத நாள்களில்தான் பார்க்க வேண்டும். சோழ மன்னனின் நெருக்குதலால் ராமானுஜர் ஸ்ரீரங்கத்தை விட்டு மேல்கோட்டைப் பக்கம் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார் என்கிறது மரபு. அதைவிடக் கொடிய சோதனை இரண்டு நூற்றாண்டு கழித்து வந்தது. 1323இல் டெல்லிப் படை நெருங்கியபோது வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாச்சாரியார் முதிர்ந்த வயதில் ஸ்ரீரங்கத்து உற்சவ மூர்த்தியான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். வழியில் ஜோதிஷ்குடியில் உயிர்விட்டார். ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கான உரையான சுருதப்பிரகாசிகையின் ஓலைகளையும், அதை எழுதிய சுதர்சன சூரியின் சிறு பிள்ளைகள் இருவரையும் காப்பாற்றி வேதாந்த தேசிகர் கொண்டுபோனார். ஓலையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அதை வளர்ந்து படிக்கப் போகும் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு போனார். விஜயநகரத் தளபதி கோபண்ணரின் துணையோடு 1371இல் நம்பெருமாள் திரும்பியதைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவு. அதன்பின் பூசையும் கொத்துகளும் மீண்டும் நடந்தன. எழுதிவைத்த ஒழுங்கும் அதை நினைவில் வைத்திருந்த மனிதர்களும் சேர்ந்தே இருந்ததால்தான் அது முடிந்தது.

நம் அலுவலகங்கள் ஆடிட்டருக்கு ஒரு மாரடைப்பு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்து வைத்திருக்கின்றனவா? நாட்டில் உள்ள சி.ஏ. அலுவலகங்களில் பெரும்பாலானவை ஒரே ஆடிட்டரின் பெயரில் நடப்பவை. கூட்டாகச் சேருங்கள், பெரிய நிறுவனமாகுங்கள் என்று அரசும் ஆடிட்டர்களின் தேசிய அமைப்பும் சொல்கின்றன. சேர்வதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் சட்டமில்லை. பெயர்ப் பலகையில் யார் பெயர் முதலில், அறுபத்தைந்து வயதானவருக்கு இன்னும் எத்தனை பங்கு என்ற கேள்விகள்தான். அமெரிக்காவில் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தை வளர்த்தெடுத்த மார்வின் பவர், 1963இல் அறுபது வயதானபோது தன் பங்குகளைச் சந்தை விலைக்குக் கேட்காமல் புத்தக மதிப்புக்கே நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்தார். பெரும்பணத்தை விட்டுக்கொடுத்ததால் அடுத்த தலைமுறை கடன் சுமையில்லாமல் பங்குதாரர் ஆக முடிந்தது. அவர் இளையவர்களிடம் எதையும் கேட்பதற்கு முன் தன் சாவியைக் கொடுத்தார். திருச்சியின் மூத்த ஆடிட்டர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரியவரின் நோட்டைக் கேட்பதற்கு முன் உங்கள் பங்கு ஒப்பந்தத்தை எடுத்து, எந்த ஆண்டு எவ்வளவு குறைத்துக்கொள்வீர்கள் என்று எழுதி அலுவலகத்தில் எல்லோரும் அறியச் சொல்லுங்கள். விட்டுக்கொடுக்காதவரின் வாயால் மாற்றம் என்ற சொல் வந்தால் கீழே இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் தேவையில்லை.

ராமானுஜரின் ஏற்பாட்டிலும் குறை உண்டு. வேலையை ஒட்டிய கொத்துகள் காலப்போக்கில் பிறப்பை ஒட்டிய உரிமைகளாக இறுகின. யார் முதலில் தீர்த்தம் வாங்குவது, யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் பின்னாளில் வழக்குகளாயின. சீர்திருத்தமாக வந்ததே வழக்கமாகி, அடுத்த சீர்திருத்தத்துக்குத் தடையானது. ஆகவே எழுதிவைக்கும் பொறுப்புப் பட்டியலுக்கு ஒரு காலக்கெடு வேண்டும். ஒவ்வொரு தையிலும் அதைத் திறந்து, பெயர்களை மாற்றி எழுத வேண்டும்.

இனி பெரியவர். அவருக்கு இயற்பா எது என்று கண்டுபிடிப்பது ஆடிட்டரின் கடமை. எனக்குத் தோன்றுவது, கிளையண்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை எழுதவைப்பது. ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பக்கம்: இந்தக் குடும்பம் எப்படி, இந்தத் தொழிலில் பணம் எப்போது வரும், எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது. அவர் சொல்ல, ஓர் ஆர்ட்டிகிள் எழுதட்டும். எழுதிய பக்கத்தின் அடியில் அவர் பெயர் இருக்கட்டும். அதற்கு மாதத்தில் சில நாள்கள் ஒதுக்கி, அந்த நாள்களுக்கு முழுச் சம்பளம் கொடுங்கள். புதிய சட்டத்தின் பிரிவு எண்களைப் படிக்க அவரை இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைக்காதீர்கள். முதல் பிரதியை அவருக்கு வாங்கிக் கொடுத்து, அவர் படித்தபின் அவரையே வகுப்பெடுக்கச் சொல்லுங்கள். ஓய்வுபெறும்போது கையில் என்ன கிடைக்கும் என்பதையும் இப்போதே எழுத்தில் கொடுங்கள். முப்பது வருட உழைப்புக்குப் பின் ஒரு சால்வையோடு ஒருவரை அனுப்பும் வழக்கம் இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. அது அடுத்தவர்கள் எல்லோரையும் தங்கள் டிராயரை இறுக்கிப் பூட்டச் செய்கிறது.

ஆர்ட்டிகிள்களுக்கு இப்போது இரண்டே ஆண்டு. முதல் ஆண்டு வங்கிக்கும் கொரியருக்கும் போய்விட்டால் அவர்களுக்குக் கற்க ஒரே ஒரு செப்டம்பர்தான் மிஞ்சும். லால்குடியிலிருந்தும் மண்ணச்சநல்லூரிலிருந்தும் முசிறியிலிருந்தும் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்து வரும் பெண்கள் இவர்களில் பலர். கெடு நாளுக்கு முந்தைய இரவுகளில் கடைசிப் பேருந்து போனபின் அவர்கள் எப்படி வீடு சேருவார்கள் என்பதையும் பொறுப்புப் பட்டியலில் ஒருவர் பெயரில் எழுதுங்கள். அந்த வரியை முதல் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.